திங்கட்கிழமைக் கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தில் போய்ஸியில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். தனியாக இருக்கிறேன். மூன்று மாதம் முன்பு ஒரு சாயங்காலம் வீடு வீடாகப் போய் மதம் பரப்பும் மார்மன் சபைப் பையன்கள் இரண்டு பேர் கதவைத் தட்டினார்கள். வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டை. ஒருவனுக்கு 18 வயது, இன்னொருவனுக்கு 20. பேச ஆள் கிடைத்ததே என்று உள்ளே உட்காரச் சொன்னேன். அன்றிலிருந்து புதன்கிழமைதோறும் வந்து பாடம் நடத்துகிறார்கள். நான் மதம் மாறப் போவதில்லை. அது எனக்கு முதல் நாளே தெரியும், ஆனால் அவர்களிடம் சொல்லவில்லை. போன வாரம் ஒரு சனிக்கிழமையைக் குறிப்பிட்டு, அன்று ஞானஸ்நானம் எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். 'பார்க்கலாம்' என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இந்த வயதில் பையன்களை வீட்டிலிருந்து பிரித்து இப்படி அனுப்புவது மூளைச்சலவை இல்லையா? இவர்கள் உண்மையில் கிறிஸ்தவர்கள்தானா? அவர்கள் மனம் நோகாமல் நான் எப்படி விலகுவது?

எஸ்., போய்ஸி

அன்புள்ள எஸ்,

உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் தள்ளிவிடுகிறேன். அவர்களுடைய சபையின் பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. அவர்கள் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்றுதான் சொல்கிறார்கள், மற்ற சபைகளில் பலவும் அதை ஏற்பதில்லை. 1830-ல் ஜோசப் ஸ்மித் சபையைத் தொடங்கிய காலத்திலிருந்து நடக்கிற வழக்கு இது. உங்கள் வீட்டு சோபாவில் அது தீராது.

மூளைச்சலவை என்ற சொல்லை எவ்வளவு சுலபமாக எடுத்துப் போட்டுவிட்டீர்கள்! மூன்று மாதமாக உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிற அந்தப் பையன்களிடம், காலையில் எத்தனை மணிக்கு எழுகிறாய் என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா? ஆறரைக்கு எழ வேண்டும். உடற்பயிற்சி, குளியல், தனியாக ஒரு மணி நேரம் படிப்பு, அப்புறம் கூடவே அனுப்பப்பட்டிருக்கிற துணைவனோடு சேர்ந்து படிப்பு. அதற்குப் பிறகு இரவு வரை தெருவிலும் யார் யார் வீட்டிலும். பத்தரைக்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். காதல் கிடையாது, சினிமா கிடையாது. வாரத்தில் ஒரே ஒரு நாள், பெரும்பாலும் திங்கட்கிழமை, துணி துவைக்க, முடி வெட்ட, மளிகை வாங்க, வீட்டுக்குக் கடிதம் எழுத. அந்த நாளும் சாயங்காலம் ஆறு மணியோடு முடிந்துவிடும். ஆண்களுக்கு இப்படி 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். சம்பளம் இல்லை. பையனோ குடும்பமோ மாதாமாதம் பணம் கட்டித்தான் அனுப்புகிறார்கள்.

இதில் அழுத்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மார்மன்கள் நிறைந்த ஊர்களில், மிஷன் என்கிற இந்த ஊழியத்துக்குப் போகாத பையனையும், பாதியில் திரும்பி வந்த பையனையும் மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று நானே பார்த்திருக்கிறேன். அந்தப் பார்வை கொடுமையானது. ஆனால் மூளைச்சலவை என்றால் மறுப்புக் குரலே காதில் விழாத இடம் ஒன்று வேண்டும். இவர்களை அனுப்பியிருப்பதோ நாள் முழுக்க மறுப்பு மட்டுமே கேட்கிற வேலைக்கு. பத்தொன்பது வயதில் நானோ நீங்களோ ஒரு நாளில் நாற்பது பேர் முகத்துக்கு நேராக 'வேண்டாம்' என்று சொல்லிக் கேட்டிருக்கிறோமா?

இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணம், உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நானும் இதே நினைப்பில் இருந்தேன். யூட்டாவில் ப்ரோவோ என்ற ஊரில் 2010-ல் நான் படித்துக்கொண்டிருந்தபோது குடியிருந்த வீட்டு அம்மாள் எனக்கு எழுதியிருந்தார். கணவர் இறந்துவிட்டார். பிள்ளைகள் எல்லாம் தனித்தனிக் குடும்பமாகிவிட்டார்கள். இப்போது எழுபத்து நான்கு வயதில் தானே மிஷனுக்குக் கிளம்பி இங்கிலாந்தில் இருக்கிறார். வயதானவர்களும் அப்படிப் போவதுண்டு.

அந்த வீட்டின் தரைக்கீழ் அறையில் நான் இரண்டு வருடம் இருந்தேன். அவருடைய கடைசி மகன் அப்போது ஃபின்லாந்தில் மிஷனரி. போவதற்கு முன்னால் மொழி பழகுவதற்காக ப்ரோவோவிலேயே உள்ள பயிற்சி மையத்தில் சில வாரம் வைத்திருந்தார்கள். வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். ஆனாலும் அம்மா போய்ப் பார்க்கக் கூடாது. வாசலில் இறக்கிவிட்டு வந்ததோடு சரி. ஒரே ஊரில் இருந்துகொண்டு மகனின் கடிதத்துக்காகக் காத்திருந்தார். அப்போது தொலைபேசியில் பேச வருடத்துக்கு இரண்டு முறைதான் அனுமதி, கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும். 2019-லிருந்துதான் வாராவாரம் முகம் பார்த்துப் பேச விட்டிருக்கிறார்கள். உங்கள் பையன்கள் அந்த வகையில் கொடுத்து வைத்தவர்கள்.

ஃபின்லாந்து யூட்டாவுக்கு ஒன்பது மணி நேரம் முன்னால் இருக்கிறது. மகன் திங்கட்கிழமை மதியம் நூலகக் கணினியில் உட்கார்ந்து எழுதுவது இங்கே விடிவதற்கு முன்பே வந்துவிடும். நான்கு மணிக்கு என் தலைக்கு மேலே சமையலறையில் காலடிச் சத்தம் கேட்டால் அன்று திங்கட்கிழமை என்று எனக்குத் தெரியும். திங்கள் மாலை மார்மன் குடும்பங்களில் எல்லோரும் சேர்ந்து உட்காரும் நேரம். அந்த மேசையில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு அச்செடுத்த கடிதத்தை உரக்கப் படிப்பார்.

முதல் சில மாதக் கடிதங்கள் சுவையற்றவை. 'இந்த வாரம் அருமையாகப் போனது. பொறுமையைக் கற்றுக்கொண்டேன்.' அடுத்த வாரம் விசுவாசம், அதற்கு அடுத்த வாரம் பணிவு. வீட்டில் கவலைப்படக் கூடாது என்று பிள்ளைகள் எழுதுகிற கடிதம். அம்மா அதை நம்பவில்லை. காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, "சாப்பிட்டானா என்று எழுதவே இல்லை" என்பார்.

ஒரு வாரம் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தான். துணைவனோடு நான்கு நாள் பேச்சுவார்த்தை இல்லை. இந்தத் துணை ஏற்பாட்டை நீங்கள் யோசித்துப் பாருங்கள். யாரோடு இருப்பது என்று இவன் தேர்ந்தெடுக்க முடியாது. ஒருவர் பார்வையிலிருந்து மற்றவர் விலகக் கூடாது. சண்டை போட்டுவிட்டுக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு வெளியே போகவும் வழியில்லை, போனால் அவனும் கூடவே வர வேண்டும். கோபத்தோடு ஒரே பனியில் ஒரே தெருவில் இரண்டு பேரும் நடந்தார்களாம். ஐந்தாம் நாள் துணைவனின் சட்டைப் பொத்தான் அறுந்து விழுந்தது, இவன் ஊசி நூல் எடுத்துத் தைத்துக் கொடுத்தான். அவ்வளவுதான், அதற்கு மேல் எழுதவில்லை. அந்தக் கடிதத்தில் எந்தப் படிப்பினையும் இல்லை, அம்மா அதை மட்டும் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்தார்.

ஃபின்னிஷ் மொழி அவனை வாட்டியது. வீட்டுக்கு 'தலோ' என்று சொல். வீட்டில் என்றால் 'தலோஸ்ஸா', வீட்டிலிருந்து என்றால் 'தலோஸ்தா'. இப்படிப் பதினைந்து வேற்றுமை. இது என்ன மொழி என்று அம்மா என்னிடம் முறையிட்டார். எனக்கோ சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. வீட்டில், வீட்டிலிருந்து, வீட்டுக்கு என்று எழுதிக் காட்டினேன். அடுத்த வாரம் மகன் எழுதினான், அந்த மொழியில் மறுப்பே ஒரு வினைச்சொல் என்று. நான் என்றால் 'என்', நீ என்றால் 'எத்', அவன் என்றால் 'எய்'. ஆளுக்கு ஆள் மாறும். நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். மாட்டேன், மாட்டாய், மாட்டான்! மறுக்கிறவர் யார் என்பது மறுக்கும் சொல்லிலேயே தெரிகிற மொழி நம்முடையது. அறியேன் என்று ஒரே சொல்லில் அறிகிற செயலையும், அது இல்லை என்பதையும், சொல்கிறவன் நான் என்பதையும் வைத்த மொழி. அப்படிப்பட்ட மொழியை வைத்துக்கொண்டு நீங்களும் நானும் காலமெல்லாம் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம்? 'பார்க்கலாம்.'

கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் பார்க்கலாம். கடன் கேட்டால் பார்க்கலாம். பிடிக்காத வரனுக்குப் பார்க்கலாம். யார் பார்ப்பது? அந்தச் சொல்லில் ஆளே கிடையாது. மாட்டேனில் இருக்கிற நான் அதில் இல்லை. அதனால்தான் அது நமக்கு அவ்வளவு வசதியாக இருக்கிறது. மரியாதை என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். மரியாதை அல்ல எஸ், அது கோழைத்தனம். எதிரில் இருப்பவரின் வருத்தத்தைப் பார்க்கப் பயந்து அதைத் தவணை முறையில் கொடுப்பது.

குவோப்பியோ என்ற ஊரில் ஒரு பேருந்து ஓட்டுநர் அந்தப் பையனுக்குக் கிடைத்தார். வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்துப் பாடம் கேட்ட முதல் ஆள். ஞானஸ்நானம் பற்றிக் கேட்டபோது 'கத்ஸொதான்' என்றாராம். பார்ப்போம் என்று அர்த்தம். பார்க்கலாம்தான். பதினொரு வாரம் அதையே சொன்னார். ஒவ்வொரு இரவும் அடுத்த நாளுக்குத் திட்டம் போடும்போது அவர் பெயரை எழுதினார்கள். ஆறு வாரத்துக்கு ஒரு முறை இடமாற்ற அறிவிப்பு வரும். அதில் துணைவன் மாறினான், புதுத் துணைவனிடமும் இவன் அவரைப் பற்றித்தான் பேசினான். ப்ரோவோவில் திங்கள் மாலை ஜெபத்தில் நாங்கள் எல்லோரும் அவர் பெயரைச் சொன்னோம். கிறிஸ்தவனே அல்லாத நானும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

பன்னிரண்டாவது வாரம் கதவு திறக்கவில்லை. டிசம்பர் மாதம், மூன்று மணிக்கே அங்கே இருட்டிவிடும். உள்ளே விளக்கு எரிந்தது. பனியில் நின்று இரண்டாவது தடவை தட்டினார்கள். ஜன்னல் திரை கொஞ்சம் அசைந்தது, பிறகு விளக்கு அணைந்தது. 'அம்மா, அவர் என்னிடம் முதல் நாளே “என்”, மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் எனக்குப் புரியும். தினமும் கேட்கிறேன்' என்று எழுதியிருந்தான்.

அதைப் படித்துவிட்டு அந்த அம்மாள் அழவில்லை, ஒன்றும் சொல்லவுமில்லை. எழுந்து தட்டுகளைக் கழுவப் போனார். நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் ஒரு வருடமாக ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அவர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு வருடமாக நான் சொன்ன பதில் உங்களுக்குத் தெரியும். அன்று எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்று, "நான் வரமாட்டேன். இந்த வாரம் மட்டுமில்லை, எப்போதும் வரமாட்டேன்" என்றேன். தொண்டை வறண்டுவிட்டது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "சரி. சொன்னதற்கு நன்றி. அடுத்த திங்கட்கிழமை சாப்பிட வருவாய் அல்லவா?" என்று கேட்டார். வீட்டைக் காலி செய்யும் வரை போனேன். அதற்கு முன்பு அந்த மேசையில் நான் அவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்ததில்லை.

மனம் நோகாமல் எப்படி விலகுவது என்றுதானே கேட்டீர்கள்? நோகும். மூன்று மாதம் உங்களைத் தங்கள் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள், எப்படி நோகாமல் இருக்கும்? நீங்கள் செய்யக்கூடியது இவ்வளவுதான். குறுஞ்செய்தி அனுப்பாதீர்கள், நேரில் சொல்லுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் கதவருகே நின்று சொல்லாமல், வந்து உட்கார்ந்ததும் சொல்லுங்கள். குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். காபியும் டீயும் அவர்கள் தொடமாட்டார்கள், அதுவாவது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். நீங்கள் வந்தது எனக்குப் பிடித்தது, நான் ஞானஸ்நானம் எடுக்கமாட்டேன், இதை முதலிலேயே சொல்லாதது என் தப்பு. மூன்று வாக்கியம். இடையில் 'ஆனால்' போட்டுக் குழப்ப வேண்டாம்.

அதன் பிறகு வருகிறார்களா என்பது அவர்கள் பாடு. கேட்க விருப்பமுள்ளவர்களைத் தேடிப் போக வேண்டியது அவர்கள் வேலை, அதனால் குறைத்துக்கொள்ளலாம், நின்றே போகலாம். புதன்கிழமை மாலை உங்கள் வீடு வெறிச்சென்று இருக்கும். நீங்கள் உண்மையில் பயப்படுவது அதற்குத்தான் என்று நினைக்கிறேன். நான்கு வருடம் தனியாக ஒரு ஊரில் இருந்துவிட்டு, கதவு தட்டும் சத்தத்துக்கு நீங்கள் சந்தோஷப்பட்டதில் ஒரு குற்றமும் இல்லை. அந்தத் தரைக்கீழ் அறையில் இருந்தவன் நான், எனக்குத் தெரியும். புதன்கிழமைகளில் எனக்கு எழுதுங்கள், பதில் போடுகிறேன்.

அந்த அம்மாளின் கடிதமும் இப்போது திங்கட்கிழமைதான் வருகிறது. இளம் மிஷனரிகள் தங்கும் வீடுகளைப் பார்த்துக்கொள்வது அவருடைய பொறுப்பில் ஒன்று. பாத்திரத்தைக் கழுவாமல் தொட்டியில் போட்டு வைக்கிறார்கள் என்று பாதிக் கடிதம் அதுதான். அவருக்கும் ஒரு துணை கொடுத்திருக்கிறார்கள், அறுபத்தெட்டு வயதுப் பெண்மணி, இரவில் குறட்டை விடுகிறாராம். கடைசியில், சாப்பிட்டேன், கவலைப்படாதே என்று ஒரு வரி.

நாளை மறுநாள் புதன்கிழமை. பையன்கள் வருவார்கள். இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்.