சீனியோரிட்டி லிஸ்ட் சேரும்போது எதில் கையெழுத்து வைப்பது?

கேள்வி: ஒரே முதலாளியின் இரண்டு விமானக் கொம்பனிகளில் சின்னதில் 8 வருடமாகத் துணை விமானியாக இருக்கிறேன். எங்கள் 60 பேரையும் பெரிய கொம்பனியின் 200 பேரையும் ஒரே சீனியோரிட்டி லிஸ்டில், அதாவது பணிமூப்பு வரிசையில், சேர்க்கப் போகிறார்களாம். அங்குள்ள கப்டன்கள் சங்கம் தொடங்கப்போவதாக எங்களிடமும் கையெழுத்துக் கேட்கிறார்கள். எச்.ஆர். ஒரு கடிதம் தந்து அடுத்த வெள்ளிக்குள் ஒப்பமிடச் சொல்கிறது. இதற்கிடையில் ஒருவர், ஒன்றரை இலட்சம் ரூபா தந்தால் லிஸ்டில் என் இடத்தைக் காப்பாற்றித் தருகிறேன் என்கிறார். எதை நம்புவது? – துணை விமானி, வெள்ளவத்தை.

பதில்: தம்பி, சங்கத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். எச்.ஆர். கடிதத்தை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். நல்லவேளை, அதன் போட்டோ கொப்பியையும் சேர்த்து அனுப்பியிருந்தீர்கள். தலைப்பு ‘இடமாற்றம்’. இரண்டாம் பக்கத்தைத் திருப்பினால், ‘எனது சுயவிருப்பின் பேரில் பதவி விலகுகிறேன்’ என்று ஒரு வரி. அடுத்த பந்தியில், மறுநாளிலிருந்து பெரிய கொம்பனியில் புதிய நியமனம். இதற்குப் பெயர் இடமாற்றம் இல்லை, ராஜினாமா.

முப்பது வருடமாக இந்த வரியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆடைத் தொழிற்சாலையில் பார்த்திருக்கிறேன், ஹோட்டலில் பார்த்திருக்கிறேன். ‘சும்மா ஒரு ஃபோர்மாலிட்டி’ என்று சொல்லித்தான் நீட்டுவார்கள். ஃபோர்மாலிட்டி என்றால் அந்த வரி எதற்கு?

உங்கள் வேலை ஒப்பந்தத்தை உங்கள் சம்மதம் இல்லாமல் இன்னொரு முதலாளிக்குக் கைமாற்ற முடியாது. இரண்டு கொம்பனிக்கும் சொந்தக்காரர் ஒருவராக இருக்கலாம். பதிவு இரண்டு என்றால் சட்டத்துக்கு முதலாளிகளும் இரண்டு. அதனால்தான் உங்கள் கையெழுத்துக்கு இந்த அவசரம். ‘ஒப்பமிடாவிட்டால் வேலை இல்லை’ என்று யாராவது மிரட்டினால் பயப்பட வேண்டாம். ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால், 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். ஆனால் நீங்களே ‘சுயவிருப்பு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தச் சட்டத்தால் உங்களுக்கு என்ன பயன்?

காசுக் கணக்கையும் பாருங்கள். 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி, 5 வருடம் முடித்த மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம் கிடைக்கும். உங்கள் அடிப்படைச் சம்பளம் இப்போது 3 இலட்சம் என்று வைப்போம். இன்று விலகினால் 8 வருடத்துக்கு 12 இலட்சம். பிறகு புதிய கொம்பனியில் 12 வருடம் இருந்து, கப்டனாக 6 இலட்சம் அடிப்படையில் ஓய்வு பெற்றால் இன்னொரு 36. மொத்தம் 48 இலட்சம். சேவை முறியாமல் 20 வருடமும் ஒன்றாக ஓடியிருந்தால் 60 இலட்சம். ஒரு வரியால் 12 இலட்சம் போகிறது. 4 வருடமும் சில மாதமும் முடித்த உங்கள் ஜூனியர்களின் பாடு இதைவிட மோசம். அவர்கள் இன்று விலகினால் பணிக்கொடையே இல்லை, அங்கே போய் 5 வருடத்தை முதலிலிருந்து எண்ண வேண்டும். அவர்களுக்கும் சொல்லுங்கள்.

விமானிகளுக்கு மட்டும் இன்னொரு கண்ணி இருக்கிறது: பயிற்சி பொண்ட். புதிய ரக விமானத்துக்குக் கொம்பனி செலவில் பயிற்சி எடுத்தபோது, இத்தனை வருடத்துக்குள் விலகினால் இவ்வளவு காசு திருப்பித் தருவேன் என்று எழுதிக் கொடுத்திருப்பீர்கள். ராஜினாமா செய்தால் அந்தப் பொண்ட் விழித்துக்கொள்ளும். ‘அதையெல்லாம் கேட்க மாட்டோம்’ என்று வாயால் சொல்வார்கள். கேட்க மாட்டோம் என்பதைப் பழைய கொம்பனி எழுத்தில் தர வேண்டும். அதோடு புதிய கொம்பனி தன் பங்குக்கு இன்னொரு பொண்டை நீட்டும். பழையதில் ஒன்றரை வருடம் மிச்சம் இருந்தால், புதியதில் அந்த ஒன்றரை வருடம்தான் இருக்க வேண்டும், மறுபடி மூன்று வருடம் இல்லை. பொண்ட் காலம் ஏற்கெனவே முடிந்தவருக்கு இந்தத் தலையிடி இல்லை. ஆனால் முடிந்துவிட்டது என்று நீங்கள் நினைப்பது போதாது, முடிந்ததற்கான கடிதம் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இடையில் ரெஃப்ரெஷர் பயிற்சிக்கென்று எதிலாவது ஒப்பமிட்டிருந்தால் அதையும் தேடி எடுங்கள். பல பேருக்குக் காலம் அங்கேதான் நீண்டிருக்கும்.

சரியான கடிதம் மூன்று பேர் ஒப்பமிடுவது: பழைய கொம்பனி, புதிய கொம்பனி, நீங்கள். பணிக்கொடை, லீவு, சீனியோரிட்டி எல்லாவற்றுக்கும் முதலில் சேர்ந்த திகதியே செல்லும் என்றும், பழைய வருடங்களின் பணிக்கொடைப் பொறுப்பைப் புதிய கொம்பனி ஏற்கிறது என்றும் அதில் இருக்க வேண்டும். ‘பதவி விலகுகிறேன்’ என்ற சொல் எந்த இடத்திலும் வரக்கூடாது.

ஒன்றரை இலட்சக்காரருக்கு வருவோம். லிஸ்டை எப்படிச் சேர்க்க வேண்டும் என்று சொல்லும் சட்டம் நம் நாட்டில் கிடையாது. கொம்பனியும் சங்கமும் பேசி முடிவெடுக்கிற விடயம் அது. கந்தோரில் ஆள் இருக்கிறது, மேலே தெரிந்தவர் இருக்கிறார் என்று சொல்லி இவர் எதை விற்கிறார்? இப்படிப்பட்டவர்கள் 20 பேரிடம் காசு வாங்குவார்கள். லிஸ்ட் எப்படி வந்தாலும் அந்த 20 பேரில் சிலருக்கு நல்ல இடம் விழத்தான் செய்யும். ‘பார்த்தாயா, நான்தான்’ என்பார். மற்றவர்கள் வெட்கத்தில் வாய் திறக்க மாட்டார்கள். ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அமெரிக்க நண்பர்கள் வட்ஸ்அப்பில் அனுப்பும் மக்காஸ்கில்–பொண்ட் சட்டத்தையும் (இந்தப் பொண்ட் ஆளின் பெயர், பயிற்சி பொண்ட் இல்லை) தூக்கி வையுங்கள். 2007இல் வந்த அந்தச் சட்டம் அங்கே லிஸ்ட் சேர்ப்பதற்கு நியாயமான முறை வேண்டும் என்கிறது. இங்கே அதற்கு வேலை இல்லை.

லிஸ்டில் நீங்கள் கேட்க வேண்டியது எந்த முறை என்பதைத்தான். உங்கள் கொம்பனியில் நீங்கள் 15ஆவது ஆள் என்கிறீர்கள். விகிதப்படி சேர்த்தால், 60இல் 15 என்பது 260இல் ஏறத்தாழ 65. சேர்ந்த திகதிப்படி சேர்த்தால், பெரிய கொம்பனியில் உங்களுக்கு முன் சேர்ந்தவர்கள் 150 பேர் என்றால் நீங்கள் 165. அதே ஆள், அதே அனுபவம். கப்டன் கதிரை, ரோஸ்டர், லீவு, ஆள் குறைப்பு வந்தால் யார் முதலில் வெளியே என்பது எல்லாம் அந்த எண்ணில்தான் தொங்குகிறது. இடைவழியும் உண்டு: சில வருடங்களுக்கு இந்த விமானங்களின் கப்டன் இடங்கள் இந்தப் பக்கத்தாருக்கே என்று வேலி போடுவது.

பேசி முடிக்காமல் கொம்பனிகளைச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து நாட்டைப் பாருங்கள். எயார் இந்தியாவும் இந்தியன் எயார்லைன்ஸும் 2007இல் ஒன்றாகின. 2012இல், புதிய போயிங் 787 பயிற்சி யாருக்கு என்ற சண்டையில் ஒரு பக்கத்து விமானிகள் 58 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஐந்து வருடம் கழிந்தும் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு சங்கம், இரண்டு மனக்கணக்கு.

அதனால் சங்கத்தில் சேருங்கள் என்றுதான் சொல்வேன், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு. ‘கப்டன் தொழிலாளி இல்லை, சங்கம் வைக்க முடியாது’ என்று யாரோ சொன்னார்களாம். தவறு. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் தொழிலாளி என்ற சொல்லுக்குள் எந்தப் பதவியில் வேலை செய்பவரும் அடங்குவார். 7 பேர் ஒப்பமிட்டால் சங்கத்தைப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். இதுவே ஒரு பொறிதான்: ஒரு ரப்பர் முத்திரையும் ஏழு கையெழுத்தும் இருந்தால் ஒருவர் தலைவராகிவிடுகிறார். பதிவுச் சான்றிதழையும் யாப்பையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். சந்தாவுக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். முக்கியமாக, செயற்குழுவில் உங்கள் 60 பேருக்கு எத்தனை இடம்? பெரிய கொம்பனிக் கப்டன்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் 200 பேரின் வாக்கில் தெரிவானவர் சேர்ந்த திகதி முறையைத்தானே கேட்பார்? லிஸ்ட் விடயத்தில் இரு பக்கமும் தனித்தனியே சம்மதித்தால்தான் செல்லும் என்று யாப்பில் எழுத வையுங்கள். அதற்கு உடன்பட்டால் ஒப்பமிடுங்கள்.

கொம்பனி கட்டாயம் பேச வேண்டும் என்றால், சங்கம் யாருக்காகப் பேசுகிறதோ அவர்களில் 40 சதவீதமாவது உறுப்பினராக இருக்க வேண்டும். 1999இல் வந்த திருத்தம் அது. விமானிகளுக்காகப் பேசினால் விமானிகளில் 40 சதவீதம், கேட்டரிங் முதல் காவலாளி வரை எல்லோரையும் கூட்டி எண்ணுவதில்லை. எச்.ஆர். அப்படித்தான் எண்ணிக் காட்டும். உங்கள் கொம்பனியில் 24 பேர் போதும். ஆனால் கொம்பனி மறுத்தால் நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் திணைக்களத்துக்குப் போக வேண்டும், அங்கேதான் என் பொறுமை போகிறது. வழக்குத் தொடுக்க வேண்டியது அந்தத் திணைக்களம், நீங்கள் நேரே தொடுக்க முடியாது. 40 சதவீதம் இருக்கிறதா என்று பார்க்க அவர்கள் வாக்கெடுப்பு வைப்பதற்குள், கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் மத்திய கிழக்குக்குப் பறந்துவிடுவார்கள். தமிழில் எழுதினால் தமிழில் பதில் தர வேண்டும். எனக்குக் கடைசியாக வந்த மூன்று கடிதங்களும் சிங்களத்தில்.

பேச்சு முடிந்தால் வாய்மொழியில் விடாதீர்கள். கூட்டு ஒப்பந்தமாக எழுதி வர்த்தமானியில் வந்தால்தான் அது ஒவ்வொருவரின் நியமனக் கடிதத்துக்குள்ளும் நுழையும்.

வெள்ளிக்கிழமைக்கு: ஒப்பமிடவும் வேண்டாம், பேசாமல் இருக்கவும் வேண்டாம். ‘இடமாற்றத்தை நான் மறுக்கவில்லை. லிஸ்ட் சேர்க்கும் முறை, என் எண், சேவைத் தொடர்ச்சி, பொண்ட் ஆகியவற்றை எழுத்தில் தந்த பிறகு பதில் தருகிறேன்’ என்று நான்கு வரி எழுதி, புதன்கிழமையே பதிவுத் தபாலில் போடுங்கள். எச்.ஆருக்கு ஈமெயிலிலும் அனுப்புங்கள், கொம்பனி முகவரியிலிருந்து இல்லை, உங்கள் சொந்த முகவரியிலிருந்து. தபால் கந்தோர் தரும் துண்டைக் கொப்பியோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.