ஈஸ்வரி யாருக்குப் பாடுறாங்க? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள தம்பிக்கு,

தேவகோட்டையில இருந்து எழுதுறேன். லீவுக்கு வந்த பேரன், உலகத்துலயே பெஸ்ட்டா பாடின பாட்டுன்னு ஒரு யூடியூப் வீடியோ போட்டுக் காமிச்சான். விட்னி ஹூஸ்டன், அரீத்தா ஃப்ராங்க்ளின்னு வரிசையா வந்தாங்க. எனக்கு இங்கிலீஷ் பாட்டு பழக்கமில்ல, ஆனா விட்னி பாடினப்ப உடம்பு சிலிர்த்துப் போச்சு. அப்புறம் அவன், "ஆயா, தமிழ்ல இப்படி உச்சிக்குப் போய் நின்னவங்க யாரு?"ன்னு கேட்டான். டி.எம்.எஸ்., எல்.ஆர்.ஈஸ்வரின்னு சொன்னேன். டி.எம்.எஸ். கத்துறாரு, ஈஸ்வரி கோயில் மைக் செட்டு பாட்டுத்தானேன்னுட்டான். மனசுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு, ஆனா பதில் சொல்லத் தெரியல. ஒரு குரல் பெரிய குரல்னு எத வச்சு முடிவு பண்றது? ஒரு லிஸ்ட் போட்டுக் குடுத்தீங்கன்னா அவன்கிட்ட காமிப்பேன்.

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள ஆச்சிக்கு,

பேரன் காமிச்ச பாட்டெல்லாம் நல்ல பாட்டுங்க, அதுல எனக்கு எந்த மாற்றுக் கருத்தும் இல்ல. ஆனா உச்சி எவ்வளவு உயரம்னு மட்டும் அளந்தா பாதி பாட்டு கைக்கு வராமலே போயிடும். நான் ஒரு பாட்ட கேக்கறப்ப மொதல்ல பாக்குறது, இந்தக் குரல் யாருக்குப் பாடுதுங்கறதத்தான். திடல்ல கடைசியில நிக்கிற ஆளுக்கா, இல்ல பக்கத்துல படுத்திருக்கிற ஒருத்தருக்கா? அது தெரிஞ்சாத்தான் பாடினவங்க சாதிச்சது என்னன்னு புரியும்.

கே.பி.சுந்தராம்பாளையே எடுத்துக்கங்க. மைக் இல்லாத காலத்து நாடக மேடையில, நாடக நடிகர் கிட்டப்பாவோட சேர்ந்து பாடி வளர்ந்த குரல் அது. விடிய விடிய நாடகம், கொட்டகைக்கு வெளிய நிக்கிறவனுக்கும் வார்த்தை போய்ச் சேரணும். அதனாலதான் 1965ல திருவிளையாடல்ல "பழம் நீயப்பா" பாடறப்போ, முன்னாடி மைக் இருந்தும் அவங்க குரல் மைக்க நம்பி நிக்கல, அதத் தாண்டிப் போகுது. தை மாசம் குன்றக்குடியில இருந்து நகரத்தார் காவடி பழனிக்குப் பொறப்படுமே, அந்தப் பாதையில எங்கயாவது ஒரு பந்தல்ல இந்தப் பாட்டு போட்டா ரொம்ப தூரத்துலயே ஒவ்வொரு வார்த்தையும் தெளிவா வரும், ஆனா இப்ப வந்த பக்திப் பாட்டு போட்டா கிட்ட போற வரைக்கும் வெறும் தும்தும்னுதான் கேக்கும்.

காரணம் இருக்கு. பழைய மைக் செட்டுல மரத்துல கட்டுற குழாய் ஸ்பீக்கர் அடி சத்தத்த விழுங்கிடும், ரொம்ப மேல கீச்சுன்னு இருக்கிற சத்தத்தையும் விழுங்கிடும், நடுவுல இருக்கிறத மட்டும் கூர்மையாக்கி வெளிய தள்ளும். நாதஸ்வரம் நிக்கிற இடமும், நல்லாத் திறந்து பாடுற தொண்டை நிக்கிற இடமும் அதுதான். சீர்காழி கோவிந்தராஜன், நாகூர் ஹனிபா, ஈஸ்வரி மூணு பேரும் குழாய்ல ஜெயிச்சது அதனாலதான். காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில்ல மாசி பங்குனி திருவிழா சமயத்துல பால்குடம் போறப்ப கேட்டுப் பாருங்க, அவ்வளவு கொட்டுச் சத்தம், அவ்வளவு கூட்டம், எல்லாத்துக்கும் மேல ஈஸ்வரி குரல் தனியா நிக்கும். மைக் செட்டு பாட்டுன்னு பேரன் சொன்னது பெரிய பாராட்டுங்க, அவனுக்குத்தான் அது தெரியல.

இப்ப அதே ஈஸ்வரி. 1972, வெள்ளி விழா படம், வி.குமார் இசை, "காதோடுதான் நான் பாடுவேன்". இத ராத்திரி லைட்ட அணைச்சுட்டு ஹெட்ஃபோன்ல கேக்கச் சொல்லுங்க. தெருவையே நிறைச்ச தொண்டை இங்க முக்காவாசி மூடிக்கிட்டு, மூச்சுக் காத்தும் பாட்டும் கலந்து, வார்த்தைய பேசுறதுக்கும் பாடுறதுக்கும் நடுவுல ஒரு எடத்துல வச்சு சொல்லுது. சத்தத்த கொறைச்சா சுருதி தொங்கும், இது பாடிப் பாத்தவங்களுக்குத் தெரியும், மெதுவா பாடுறதுதான் கஷ்டம். இதுல சுருதி துளி அசையல. பாட்டு முழுக்க ஒரு தடவகூட அந்தப் பெரிய குரல வெளிய எடுக்கல, கையில இருந்தும் எடுக்கல. 1968ல பணமா பாசமா படத்துல "எலந்த பயம்" பாடி ஊரையே ஆட்டி வச்சவங்கதான் நாலு வருஷம் கழிச்சு இதப் பாடுறாங்க. இதுக்கெல்லாம் முன்னாடி, நம்ம வீட்டுக் கல்யாணத்துல எல்லாம் போடுற "வாராய் என் தோழி" வேற, 1961, பாசமலர். அது தெருவுக்கும் இல்ல, ஒத்தக் காதுக்கும் இல்ல, வாசப்பக்க முகப்புல இருந்து உள்ள இருக்கிற ரெண்டாங்கட்டு வரைக்கும் சொந்தக்காரங்க நெறஞ்ச ஒரு வீட்டுக்குள்ள பாடுற அளவு. ஒரே தொண்டையில மூணு தூரம் இருக்கு ஆச்சி, பேரன் காமிச்ச லிஸ்ட்டுல எத்தனை பேருக்கு இது இருக்குன்னு அவனையே தேடச் சொல்லுங்க.

விட்னிக்கு இருக்கு, அத ஒத்துக்கணும். 1992ல வந்த "ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ" பாட்டுல உங்கள சிலிர்க்க வச்சது கடைசி உச்சின்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க, எனக்கென்னமோ ஆரம்பம்தான். முக்கால் நிமிஷம் போல வாத்தியமே கெடையாது, தனிக் குரல், கிட்ட வந்து சொல்ற மாதிரி. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா தூரம் கூட்டிக்கிட்டே போய், கடைசியில ஒரு நிறுத்து, ஒரு டிரம் அடி, சுருதி மேல ஏறுது, அங்கதான் முழுசா திறக்குறாங்க. சர்ச்சுல பாடி வளர்ந்தவங்க, அம்மா சிஸ்ஸியும் பெரிய பாடகி, அந்தத் திறந்த தொண்டை அங்க இருந்து வந்தது. ஆனா இந்தப் பாட்ட எழுதி 1974லயே பாடி வெளியிட்டவங்க டாலி பார்ட்டன், அவங்க உச்சிக்கே போக மாட்டாங்க, நடுவுல ஒரு பத்திய சும்மா பேசிட்டுப் போயிடுவாங்க. ஒரு மனுஷன விட்டுட்டுப் போறப்ப வாசல்ல நின்னு சொல்ற அளவு சத்தம் அவ்வளவுதான். ரெண்டுல எது ஒசத்தின்னு கேட்டா நான் டாலி பக்கம்தான் சாய்வேன், பேரன் சண்டைக்கு வருவான், வரட்டும்.

உடையற குரலும் உண்டு. 1969ல ரோலிங் ஸ்டோன்ஸ்ங்கற ராக் குழுவோட "கிம்மி ஷெல்டர்" பாட்டுக்கு, மெர்ரி கிளேட்டன்ற பாடகிய ராத்திரி நேரத்துல வீட்டுல இருந்து கூப்பிட்டு விட்டாங்க, மாசமா இருந்தாங்க அப்ப. உச்சியில கத்தறப்ப குரல் ஒரு எடத்துல கிழியுது, அத அழிக்காம அப்படியே ரெக்கார்டுல விட்டுட்டாங்க. இன்னைக்கு கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் நேராக்குற காலத்துல அந்தக் கிழிசலுக்காகவே அந்தப் பாட்ட கேக்கலாம். நம்ம பக்கத்து ஒப்பாரிய கேட்டவங்களுக்கு அது புதுசா இருக்காது. நான் சின்னதுல கேட்ட ஒப்பாரியில எல்லாம் குரல் உடையற எடம்தான் பாட்டோட உச்சியே, அத மறைக்கணும்னு யாரும் நெனைச்சதில்ல.

கொல்லங்குடி கருப்பாயி அம்மாவும் அந்த வழிதான். காளையார்கோயில் பக்கத்து ஊர்க்காரங்க, 1985ல ஆண்பாவம் படத்துல நடிச்சுப் பாடினாங்க. வயக்காட்டுல ஒரு வரப்புல இருந்து அடுத்த வரப்புக்குப் பாடுற குரல், ஸ்டுடியோவுக்குள்ள வந்தும் மாறல. அவங்க பேரையும் பேரன்கிட்ட சொல்லுங்க, யார் போடுற லிஸ்ட்டுலயும் அவங்க வரமாட்டாங்க, எனக்கு அதுல ரொம்ப வருத்தம்.

மைக்கையே வாத்தியம் மாதிரி ஆக்கினது லதா மங்கேஷ்கர். 1949ல மஹல் படத்துல "ஆயேகா ஆனேவாலா" பாட்டுக்கு, தூரத்துல இருந்து ஒரு குரல் கிட்ட வரணும், இன்னைக்கு பட்டன தள்ளினா போதும், அப்ப மைக்க நடுவுல வச்சுட்டு ரூம் ஓரத்துல இருந்து பாடிக்கிட்டே நடந்து வந்ததா அவங்களே சொல்லியிருக்காங்க. ஏறக்குறைய அதே சமயத்துல, 1947 ஆரம்பத்துல, நம்ம தேவகோட்டை ரஸ்தாவுல ஏவி.எம். கொட்டகை போட்டு எடுத்த நாம் இருவர் வந்துச்சு, அதுல பட்டம்மாள் பாடின "ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே". கேட்டுப் பாருங்க, அது கச்சேரிக் குரல், சினிமாவுக்காக எதையும் கொறைக்கல, நாடு இன்னும் விடுதலையே ஆகல, ஆனா அந்தக் குரல்ல சந்தேகமே இல்ல.

டி.எம்.எஸ். கத்துறாருன்னு சொன்னதுக்கு வர்றேன். அவர் தியேட்டருக்குப் பாடினவரு, டூரிங் டாக்கீஸ்ல மணல்ல உக்காந்திருக்கிறவனுக்கும் சிவாஜியோட நெஞ்சு தெரியணும். அத செல்போன் ஸ்பீக்கர்ல கேட்டா கத்துற மாதிரிதான் இருக்கும். 1968ல உயர்ந்த மனிதன் படத்துல "அந்த நாள் ஞாபகம்" கேக்கச் சொல்லுங்க. பாட்டும் பேச்சும் மாறி மாறி வரும், வயசான பெரிய மனுஷன் சின்னப் பையனா மாறி மூச்சு வாங்க ஓடுறது குரல்லயே தெரியும், அந்தத் தளர்ச்சியும் சந்தோஷமும் ஒண்ணா இருக்கும். அதே படத்துல சுசீலாவோட "நாளை இந்த வேளை பார்த்து" இருக்கு, பின்னணிப் பாடகிக்கு தேசிய விருது குடுக்க ஆரம்பிச்சப்ப மொத விருது இதுக்குத்தான். அதுல ஒரு எடத்துலயும் அதட்டல் இல்ல, நிலாவ கூப்பிட்டுப் பேசுற பாட்டுக்கு என்னத்துக்கு அதட்டல்.

லிஸ்ட் கேட்டீங்க. ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட எனக்கு மனசு வரல, ஆனா அவன் ஊருக்குப் போறதுக்குள்ள இன்னும் மூணு பாட்ட மட்டும் கேக்க வைங்க. 1962 கொஞ்சும் சலங்கையில ஜானகி பாடின "சிங்கார வேலனே தேவா", காருக்குறிச்சி அருணாசலத்தோட நாதஸ்வரத்துக்கு எதிர நிக்குறாங்க, அந்த வாத்தியத்தோட சத்தத்த ஜெயிக்கணும்னு ஒரு எடத்துலயும் முயற்சி பண்ணல, அதோட வளைவ மட்டும் பிடிச்சுக்கிட்டுப் போறாங்க. அப்புறம் அதே ஜானகி, 1986, மெல்லத் திறந்தது கதவு, "ஊரு சனம் தூங்கிருச்சு". இதுவும் "காதோடுதான்" மாதிரி ராத்திரிப் பாட்டுத்தான், ஆனா இங்க கேக்க ஆளே இல்ல, தனக்குத்தானே பாடிக்கிறாங்க, அந்த வித்தியாசம் குரல்ல எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கச் சொல்லுங்க. மூணாவது கருத்தம்மா, 1994, ஸ்வர்ணலதா, "போறாளே பொன்னுத்தாயி". அழுதுக்கிட்டே பாடுறாங்கன்னு சொல்லுவாங்க, எனக்கு அப்படித் தோணல, வரி முழுக்க அழுகைய பிடிச்சு வச்சிருக்காங்க, வரி முடியற எடத்துல மட்டும் கொஞ்சம் விடுறாங்க. தேசிய விருது வாங்கின பாட்டு. 37 வயசுல போயிட்டாங்க, 2010ல. இப்ப அவங்க இருந்திருந்தா என்னென்ன பாடியிருப்பாங்கன்னு நெனைச்சா தாங்கல ஆச்சி.

மூணையும் ஹெட்ஃபோன்ல ஒரு தடவ, முன்பக்கப் பட்டாலைல ஸ்பீக்கர வச்சுட்டு ரெண்டாங்கட்டுல நின்னு ஒரு தடவ கேக்கட்டும். எந்தப் பாட்டு எங்க நல்லா இருந்துச்சுன்னு அவன் சொல்றத அப்படியே எழுதி அனுப்புங்க, விட்னியவும் சேத்துக்கச் சொல்லுங்க.

அன்புடன்.