விமர்சகர் நாக்கும் நம் நாக்கும்: இளம் மெர்லோ பற்றி வாசகர் கேள்விகள்

பிரான்ஸில் இருக்கும் உறவுக்காரர்கள் ஊருக்கு வரும்போது பெட்டியில் ஒரு பாட்டில் சிவப்பு ஒயினும் வருவது புதுச்சேரிக்குப் புதிதல்ல. அந்த பாட்டிலைப் பற்றி விமர்சகர்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் குழம்பியவர்களின் கடிதங்கள் இந்த முறை நிறைய. மெர்லோ திராட்சையை முதன்மையாக வைத்துச் செய்த, வயது குறைந்த, அழுத்தமான ஒயின்கள் பற்றியவற்றை மட்டும் பிரித்தெடுத்திருக்கிறோம்.

பிரான்ஸின் போர்தோ வட்டாரத்துப் போமரோல் ஒயின் ஒன்று கைக்கு வந்தது. 90 சதவீதம் மெர்லோ, மீதி காபர்னே பிராங்க் என்ற இன்னொரு திராட்சை. ஒரு விமர்சகர் பிளம் பழமும் சாக்லேட்டும் என்கிறார். இன்னொருவர் பிளாக்பெர்ரி, சுருட்டுப் பெட்டி என்கிறார். மூன்றாமவர் வயலட் பூ, பென்சில் தூள் என்கிறார். யார் சொல்வது உண்மை?
— வாசகர், முத்தியால்பேட்டை

மூவரும் உண்மைதான் சொல்கிறார்கள். பாட்டிலுக்குள் பிளம்மும் இல்லை, சாக்லேட்டும் இல்லை. திராட்சை, ஈஸ்ட், ஓக் மரம், இவ்வளவுதான் சரக்கு. 225 லிட்டர் ஓக் பீப்பாயின் உட்புறத்தை நெருப்பில் வாட்டித்தான் செய்வார்கள். வெனிலா மணம் தரும் வானிலின், கிராம்பில் இருக்கும் அதே யூஜினால், தேங்காய் வாசம் தரும் லாக்டோன் எல்லாம் அந்த மரத்திலிருந்து ஒயினுக்கு இறங்குபவை. ஆகவே குறிப்பில் வெனிலா, கிராம்பு, காபி, புகை என்று வந்தால் அது பெரும்பாலும் பீப்பாய் பேசுகிறது, அதுவும் புதுப் பீப்பாய். பிளம், பிளாக்பெர்ரி, வயலட் என்றால் திராட்சை பேசுகிறது. பதனிட்ட தோல், காய்ந்த இலை, காளான் என்றால் வயது பேசுகிறது. இளம் ஒயினில் இவற்றைத் தேட வேண்டாம்.

பிளாக்பெர்ரியை நம்மில் பலர் ஜாம் பாட்டில் லேபிளில்தான் பார்த்திருக்கிறோம். நாவல்பழம், களாப்பழம், ஊறவைத்த ஆல்பக்கோடா, கறுப்பு உலர்திராட்சை ஆகியவற்றை மனதில் வைத்துக்கொண்டு முகர்ந்து பாருங்கள். எங்களைக் கேட்டால் இளம் மெர்லோவுக்கு மிக நெருக்கம் நாவல்பழம்தான்: பழச்சுவையும் துவர்ப்பும் அதில் ஒரே கடியில் வருகின்றன.

ஒன்று செய்து பாருங்கள். மூன்று குறிப்புகளிலும் பழம், பூ, மசாலா பெயர்களையெல்லாம் பேனாவால் அடித்துவிடுங்கள். துவர்ப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு, ஆல்கஹால் சூடு எவ்வளவு, விழுங்கிய பிறகு சுவை எத்தனை நேரம் நிற்கிறது என்ற சங்கதிகள்தான் மிஞ்சும். அந்த இடத்தில் மூவரும் ஏறக்குறைய ஒத்துப்போயிருப்பார்கள். இளம் ஒயினுக்கு அதுதான் படிக்க வேண்டிய பகுதி.

அழுத்தமானது, மெல்லத்தக்கது, இறுக்கமானது, மூடிக்கிடக்கிறது என்றெல்லாம் எழுதுகிறார்களே. குடிக்கிற பொருளை எப்படி மெல்வது?
— வாசகி, லாஸ்பேட்டை

இதற்கு இங்கிலீஷ்காரரைவிட நமக்கு வசதி அதிகம். துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக எண்ணி வளர்ந்தவர்கள் நாம். பாக்கு, வாழைப்பூ, கடுக்காய் மூன்றும் துவர்க்கும். ஆனால் மூன்றும் ஒரே துவர்ப்பு இல்லை என்று நம் வாய்க்குத் தெரியும்.

திராட்சைத் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின்தான் காரணம். அது எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக் கட்டியாக்கிவிடுகிறது. எச்சிலின் வழவழப்பு போனதும் ஈறும் கன்னமும் உரசுகின்றன. ஒரு வாய் ஒயினைப் பத்து எண்ணும் வரை வாயிலேயே வைத்திருந்து விழுங்குங்கள். பிறகு மேல் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே நாக்கை ஓட்டுங்கள். வெல்வெட்டைத் தடவினாற்போல் இருந்தால் பழுத்த, மெல்லிய டானின். மணல் காகிதம் போல் சொரசொரத்தால் விதை பழுக்கவில்லை, அல்லது சாறு எடுக்கும்போது விதையை அதிகம் கசக்கிவிட்டார்கள். துவர்ப்பு பல்லின் பக்கவாட்டில் தங்கி, நாமே தாடையை அசைத்துக்கொண்டிருப்போம். அதைத்தான் மெல்லத்தக்கது என்கிறார்கள்.

மெர்லோ இயல்பில் மிருது. காபர்னே சாவிஞ்ஞோன் என்ற திராட்சையைவிடத் தோல் மெலிது, டானின் குறைவு. ஒன்றிரண்டு வாரம் முந்தியே பழுத்துவிடும். அப்படியானால் அழுத்தம் எங்கிருந்து வருகிறது? போர்தோவில் ஆற்றின் வலது கரையில், போமரோலிலும் சேன்ட் எமிலியோனிலும், களிமண் பாங்கான நிலங்கள் உண்டு. களிமண் ஈரத்தைப் பிடித்துவைத்து, கொடிக்குச் சிறுகச் சிறுகக் கொடுக்கிறது. கொடிக்குக் கொஞ்சம் குலைகளையே விட்டுவைத்து, நன்றாகப் பழுக்கவிட்டு, தோலோடு மூன்று வாரம்போல ஊறவைத்து, புதுப் பீப்பாயில் போட்டால் மெர்லோவும் மல்லுக்கு நிற்கும். போமரோலின் பேர்போன ஒயினான பெத்ரூஸ் அப்படிப்பட்ட களிமண்ணில் விளைவது. இத்தாலியின் டஸ்கனி கடலோரத்தில் விளையும் மஸேட்டோ ஒயினும் கிட்டத்தட்ட முழுக்க மெர்லோ. அதையும் மென்மையான ஒயின் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இதில் தப்பு நடப்பது அறுவடைத் தேதியில். மெர்லோவில் சர்க்கரை வேகமாக ஏறும், புளிப்பு வேகமாக இறங்கும். சாற்றில் லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை 1 சதவீத ஆல்கஹாலாக மாறுகிறது, லேபிளில் 14.5 என்று இருந்தால் பறித்த அன்று லிட்டருக்கு 245 கிராம் வாக்கில் இருந்திருக்கும். முந்திப் பறித்தால் பச்சைக் குடைமிளகாய் வாசம் வரும். பிந்தினால் வேகவைத்த பழ வாசமும் தொண்டையில் சூடும். சூடானது, ஜாம் போன்றது என்ற சொற்கள் குறிப்பில் வந்தால் இந்தப் பிந்திய கேஸ்தான். பாராட்டு மாதிரி தெரியும், பாராட்டு இல்லை.

மூடிக்கிடக்கிறது என்றால் வாசனை வெளியே வரவில்லை, வாயில் மட்டும் கனம் தெரிகிறது என்று அர்த்தம். குறை இல்லை, பருவம்.

94–96 என்று இரண்டு எண் போடுகிறார்கள். சிலர் 20க்கு 17.5 போடுகிறார்கள். எது பெரிய மார்க்?
— வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

இரண்டு எண் இருந்தால் அது பாட்டிலில் அடைக்காத ஒயின். அறுவடைக்கு அடுத்த வசந்தத்தில், ஆறேழு மாதமே ஆன சாம்பிளைப் பீப்பாயிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். பாட்டிலுக்குப் போக இன்னும் ஓராண்டாவது ஆகும். அதற்குள் கலவை கொஞ்சம் மாறலாம் என்பதால் இரண்டு எண்ணுக்கு நடுவே நிற்கிறார்கள். வாங்குவதற்கு முன் பாட்டிலில் அடைத்த பிறகு போட்ட ஒற்றை எண்ணைத் தேடுங்கள்.

100 மார்க் முறையைப் பரப்பியவர் அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர். 1982ஆம் ஆண்டு அறுவடையின் போர்தோ ஒயின்களைத் தூக்கிப் பேசிப் பெயர் வாங்கியவர். அது 50இலிருந்து தொடங்கும் கணக்கு, ஆகவே 80 வாங்கிய ஒயின் முதல் வகுப்பு இல்லை. பிரிட்டனின் ஜான்சிஸ் ராபின்சன் 20க்குப் போடுபவர். ஒன்றை மற்றொன்றாகப் பெருக்கி வகுத்துப் பார்க்க வேண்டாம், 17.5 என்பது 87.5 ஆகாது. பார்க்கர் வழியினர் பழுத்த, கனமான மெர்லோவுக்குத் தாராளமாக மார்க் போட்டார்கள் என்பது பழைய புகார். எங்கள் எண்ணமும் அதுவே.

நல்ல மார்க் வாங்கிய மெர்லோ. மே மாதம் ஞாயிறு மதியம் திறந்தோம். தொண்டை எரிந்தது, மருந்து வாடை. ஏமாந்துவிட்டோமா?
— வாசகர், முதலியார்பேட்டை

ஒயினைக் குறை சொல்வதற்கு முன் தெர்மாமீட்டரைப் பாருங்கள். சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் குடிக்கச் சொன்னவர்களின் அறை, குளிர்நாட்டுப் பழைய கல்வீட்டு அறை. 16 முதல் 18 டிகிரி. கத்திரி வெயிலில் நம் கூடம் 33. அந்தச் சூட்டில் ஆல்கஹால் முந்திக்கொண்டு மூக்கில் ஏறும், பழ வாசம் பின்னால் போய்விடும். விமர்சகர் சுவைத்த ஒயினும் நீங்கள் சுவைத்ததும் பெயரளவில்தான் ஒன்று.

பாட்டிலை பிரிட்ஜில் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். இங்கிலீஷ் பத்திரிகைகள் சொல்லும் அரை மணி நேரம் 33 டிகிரியிலிருந்து இறக்கப் போதாது. அவசரம் என்றால் ஒரு வாளியில் ஐஸும் தண்ணீரும் பாதிக்குப் பாதி போட்டு, கழுத்து வரை முக்கி 15 நிமிடம். வெறும் ஐஸ் வேண்டாம்; தண்ணீர் இருந்தால்தான் பாட்டிலைச் சுற்றி ஒட்டிக் குளிரும். ராத்திரி முழுக்க பிரிட்ஜில் கிடந்து 5 டிகிரிக்கு வந்துவிட்டால் மறுபக்கத் தவறு: குளிர்ச்சியில் துவர்ப்பு முள்ளாகக் குத்தும். வெளியே எடுத்து அரை மணி நேரம் வையுங்கள்.

கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். மின்விசிறிக் காற்றில் கிளாஸ் சீக்கிரம் சூடாகும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டு பாட்டிலை மறுபடி குளிரில் வைப்பதே வழி. கிளாஸுக்குள் ஐஸ் கட்டி போட்டால் கதை முடிந்தது.

ஒயினைக் காற்றாட ஊற்றிவைக்கும் ஜாடி, டிகான்டர், இல்லை. எவர்சில்வர் சொம்பில் ஊற்றி வைக்கலாமா?
— வாசகி, வில்லியனூர்

தாராளமாக. ஒயினே எவர்சில்வர் தொட்டியில் புளித்து வந்ததாக இருக்கலாம். பித்தளை, செம்பு மட்டும் கூடாது. ஒயினின் புளிப்பு உலோகத்தைக் கரைத்துவிடும். சொம்பில் ரசப் பெருங்காயமோ சோப்பு வாடையோ இருக்கிறதா என்று முதலில் முகர்ந்து பாருங்கள், அதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வாய் அகன்ற கண்ணாடி ஜாடி இருந்தால் இன்னும் மேல்.

கார்க்கை மட்டும் எடுத்துவிட்டு ஒரு மணி நேரம் வைத்தால் பயனில்லை. பாட்டில் கழுத்தில் காற்று படும் பரப்பு பத்து பைசா அளவுதான். ஜாடிக்குச் சற்று உயரத்திலிருந்து, சலசலவென்று ஊற்றுங்கள். இளம் மெர்லோவுக்கு ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம். அரை மணிக்கொரு தரம் ஒரு வாய் பாருங்கள், வாசம் விரிந்தது தெரிந்ததும் பரிமாறலாம். ஜாடியும் குளிர்ந்த இடத்தில் இருக்கட்டும்.

கார்க்கைத் திறந்ததும் மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை. இரண்டு மணி நேரம் வைத்தும் போகவில்லை.
— வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

போகாது. கார்க்கில் உண்டாகும் டிசிஏ என்ற பொருளின் வேலை அது. உடம்புக்குக் கெடுதி இல்லை, ஆனால் பழ வாசத்தைத் துடைத்துவிடும். வாங்கிய கடையில் காட்டுங்கள். அழுகிய முட்டை, கொளுத்திய தீக்குச்சி வாடை வேறு. அது காற்றுப் பட்டால் இருபது நிமிடத்தில் பெரும்பாலும் விலகும். நகப்பூச்சு அழிக்கும் திரவ வாடை, காடி வாடை என்றால் பாக்டீரியா புகுந்திருக்கிறது. கார்க் வெளியே தள்ளிக்கொண்டு, பக்கவாட்டில் ஒயின் கசிந்த கறை இருந்தால் வழியில் எங்கோ வெயிலில் வெந்த பாட்டில். அதைத் திறக்கும் முன்பே திருப்பிக் கொடுங்கள்.

2032 முதல் 2045 வரை குடிக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். மகள் கல்யாணம் வரை பத்திரப்படுத்தலாமா?
— வாசகர், நெல்லித்தோப்பு

அந்த ஆண்டுக்கணக்கு 12–14 டிகிரியில், இருட்டில், அசையாமல் படுத்திருக்கும் பாட்டிலுக்கு எழுதியது. அத்தனை ஆண்டில் டானின் ஒன்றோடொன்று கோத்துத் துவர்ப்பு தணியும், நிறம் செங்கல் பக்கம் திரும்பும். நம் வீட்டு அலமாரியில் ஒரு கோடையிலேயே பழம் செத்துப்போகும், துவர்ப்பு மட்டும் முரட்டுத்தனமாக நிற்கும். சாதாரண பிரிட்ஜில் சில மாதம் தாங்கும். அதற்கு மேல் வறண்ட குளிரில் கார்க் சுருங்கிக் காற்று புகும். ஒயினுக்கென்று தனி குளிர்பெட்டியும், மின்வெட்டுக்கு இன்வெர்ட்டரும் இல்லாதவர் இந்தக் கார்த்திகை, மார்கழிக்குள் திறந்துவிடுவதே மேல். மகளுக்கு வேறு நகை இருக்கிறது.

வஞ்சிரம் வறுவலோடு சரிவருமா?
— வாசகி, கடலூர் முதுநகர்

வராது. ஒயினில் உள்ள இரும்பும் மீன் கொழுப்பும் சேர்ந்து வாயில் கவிச்சியும் உலோகச் சுவையும் வரும். மிளகாய்க் காரமும் 14.5 சதவீத ஆல்கஹாலும் ஒன்றையொன்று தூண்டிவிடும். கொழுப்புள்ள ஆட்டுக்கறி, மிளகாயைக் குறைத்து, மிளகும் உப்பும் தூக்கலாகச் செய்த வறுவல் போதும். புரதத்தோடு டானின் கட்டிக்கொள்ள, துவர்ப்பு பாதியாகும்.

புதுச்சேரியில் வாங்கிக் கடலூருக்குக் கொண்டுவரலாமா? எவ்வளவு குடித்தால் அளவு?
— வாசகர், செம்மண்டலம்

கொண்டுவரக் கூடாது, தமிழ்நாட்டுச் சட்டப்படி குற்றம். ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் போமரோல் என்று விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம். அளவுக்குக் கணக்கு: 14.5 சதவீத ஒயின் 150 மில்லியில் கிட்டத்தட்ட 22 மில்லி ஆல்கஹால். 60 மில்லி விஸ்கியில் ஏறக்குறைய 26. ஒயின்தானே என்று மூன்று கிளாஸ் போனால் இரண்டரை லார்ஜ் உள்ளே போயிருக்கிறது. வண்டிச் சாவியை வேறொருவரிடம் கொடுங்கள்.

பாட்டிலில் பாதி மிஞ்சினால்?
— வாசகி, அரியாங்குப்பம்

மிஞ்சப்போவது முன்கூட்டியே தெரிந்தால், திறந்த உடனே பாதியைச் சுத்தமான 375 மில்லி பாட்டிலில் விளிம்பு வரை நிரப்பி மூடி, பிரிட்ஜில் வையுங்கள். நான்கு நாள் நிற்கும். அரைப் பாட்டிலாக அப்படியே விட்டால் இரண்டு நாள். முரட்டு இளம் மெர்லோ மறுநாள் சற்று இணங்கியிருக்கும்: மூடிக்கிடந்த பிளம் வாசம் மேலே வரும், ஈறில் உரசல் குறையும். முதல் நாள் சுவைத்ததைத் துவர்ப்பு, புளிப்பு, சூடு என்று மூன்று வரி எழுதிவைத்து, மறுநாள் அதே 17 டிகிரிக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள். நான்காம் நாளும் மிஞ்சினால் ஆட்டுக்கறி வேகும்போது ஒரு கிளாஸ் ஊற்றி, மூடாமல் சுண்டவிடுங்கள்.