தடைப் பட்டியலை நீட்டிக்கொண்டே போகலாமா?

கேள்வி: வேலைவாய்ப்பு ஆலோசனை நிறுவனம் நடத்துகிறேன். சுயவிவரங்களை எங்கள் தளத்திலேயே பதிவேற்றச் சொல்கிறோம். நிரலாக ஓடக்கூடிய பிஎச்பி, இஎக்ஸ்இ கோப்புகளைத் தடுக்க ரெஜெக்ஸ் (பெயரை ஓர் எழுத்து அமைப்போடு ஒப்பிடும் விதி) எழுதியிருந்தும், ஒரு பிஎச்டிஎம்எல் கோப்பு உள்ளே நுழைந்து தளத்தைக் கெடுத்துவிட்டது. அதையும் பட்டியலில் சேர்த்தாயிற்று, இனிப் பயமில்லை என்கிறார் தளத்தை அமைத்தவர். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். சர்வரின் அமைப்பைப் பொறுத்து பிஎச்பி5, பிஎச்டி, பிஎச்ஏஆர் என்ற எக்ஸ்டென்ஷன்களும் (கோப்பின் பெயரில் புள்ளிக்குப் பின் வரும் பகுதிகள்) நிரலாக ஓடக்கூடும். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்து வந்தால், அந்த வேறுபாட்டைப் பாராட்டாதே என்று சொல்லப்படாத ரெஜெக்ஸ் அதைக் கண்டுகொள்ளாது. விண்டோஸ் சர்வரோ பெயரின் கடைசியில் ஒட்டிய புள்ளியைத் தானே உதிர்த்துவிட்டுச் சேமிக்கும்; 'பிஎச்பி.' என்று முடிந்த பெயர் 'பிஎச்பி' என்று ஆகிவிடும்.

ஆகவே எதைத் தடுப்பது என்பதை விட்டு, எதை அனுமதிப்பது என்று எழுதச் சொல்லுங்கள். உங்களுக்கு பிடிஎஃப், டாக்எக்ஸ் இரண்டும் போதும். பெயர் முழுவதும், தொடக்கம் முதல் முடிவு வரை, எழுத்து, எண், கீழ்க்கோடு, ஒரே ஒரு புள்ளி, அதன்பின் இவ்விரண்டில் ஒன்று என்ற அமைப்பில் இருந்தால் மட்டும் ஏற்க வேண்டும். ரெஜெக்ஸில் அந்தப் புள்ளிக்கு முன் பின்சாய்கோடு (\) இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் அந்தப் புள்ளி எந்த எழுத்துக்கும் பொருந்திவிடும்.

ஒரே ஒரு புள்ளி என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடைசி எக்ஸ்டென்ஷன்தானே கணக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருள் அப்படி நினைப்பதில்லை. 'ரெஸ்யூம்.பிஎச்பி.பிடிஎஃப்' என்று ஒரு கோப்பு வந்தால், முடிவை மட்டும் பார்க்கும் ரெஜெக்ஸ் அதை பிடிஎஃப் என்று விட்டுவிடும். ஆனால் சர்வர் அமைப்பில் பிஎச்பி 'ஆட்ஹேண்ட்லர்' என்ற வரியால் இணைக்கப்பட்டிருந்தால், அப்பாச்சி எல்லா எக்ஸ்டென்ஷன்களையும் படிக்கும்: பிடிஎஃப் என்பது கோப்பின் வகையைச் சொல்கிறது, பிஎச்பி என்பது அதை யார் கையாள வேண்டும் என்று சொல்கிறது, இரண்டும் ஒன்றோடொன்று மோதாததால் இரண்டுமே செல்லுபடியாகி, கோப்பு நிரலாக ஓடிவிடும். 'ஃபைல்ஸ்மேட்ச்' என்ற இன்னோர் அமைப்பு வழியாக, பெயரின் முடிவில் பிஎச்பி இருந்தால் மட்டும் என்று இணைத்திருந்தால் இந்த ஆபத்து இல்லை. உங்கள் சர்வரில் எது இருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ரெஜெக்ஸ் பெயரைத்தான் பார்க்கும், உள்ளே இருப்பதைப் பார்க்காது. அதனால் பயனர் வைத்த பெயரைத் தூக்கிவிட்டு, சர்வரே புதுப் பெயர் சூட்டி, இணைய முகவரியால் நேரடியாக எட்ட முடியாத ஃபோல்டரில் வைக்க வேண்டும். பதிவேற்ற ஃபோல்டரில் பிஎச்பி ஓடாதபடி ஆரம்பத்திலேயே அமைத்துத் தருவது, தளத்துக்குச் சர்வரில் இடம் தரும் ஹோஸ்டிங்காரர்களுக்குச் சில வரி வேலை; அதைச் செய்யாமல், கெட்டபின் கணக்கை முடக்கி மின்னஞ்சல் அனுப்புவதில் மட்டும் எத்தனை சுறுசுறுப்பு!

தளம் கெட்ட செய்தி பரவியதும், ஆண்டுச் சந்தாவில் செக்யூரிட்டி பேக்கேஜ் விற்க ஆள் வருவார். முகப்பில் பச்சை முத்திரை ஒட்டுவார். உங்கள் பதிவேற்றப் படிவத்தைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். பணம் கொடுக்குமுன், இரட்டை எக்ஸ்டென்ஷன் கொண்ட தீங்கற்ற கோப்பொன்றை உங்கள் எதிரிலேயே பதிவேற்றிக் காட்டும்படி அவரிடம் சொல்லுங்கள்.

நுழைந்த கோப்பை அழித்ததோடு நிற்காதீர்கள். அது ஓடிய நேரத்தில் வேறு ஃபோல்டர்களில் தன் பிள்ளைகளாக வேறு கெட்ட கோப்புகளை விட்டுவைத்திருக்கலாம், டேட்டாபேஸ் கடவுச்சொல்லையும் படித்திருக்கலாம். கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, சம்பவத்துக்கு முந்தைய பேக்கப்பிலிருந்து தளத்தை மீட்கச் சொல்லுங்கள். புதிய ரெஜெக்ஸை ஏற்றிய பிறகே பதிவேற்றப் படிவத்தைத் திறக்க வேண்டும்.