கேளுங்கள், சொல்கிறோம்: பழைய ஐபுக், புது வைஃபை

கேள்வி: 1999 மாடல் ஐபுக் (ஆப்பிள் லேப்டாப்), மேக் ஓஎஸ் 9. அதன் வைஃபை கார்டான ஏர்போர்ட் நன்றாக இருக்கிறது. வீட்டு வைஃபையின் பெயரும் தெரிகிறது. கடவுச்சொல் சரியாகக் கொடுத்தும் சேர மறுக்கிறது. ஏன்?

பதில்: கடவுச்சொல்லில் தப்பில்லை. ஓஎஸ் 9-இல் அந்தக் கார்டுக்குத் தெரிந்த பூட்டு, வைஃபையின் பழைய பாதுகாப்பு முறையான ‘வெப்’ (WEP) ஒன்றுதான். உங்கள் ரவுட்டர் பேசுவது அதைவிடப் புதிய பூட்டான டபிள்யூபிஏ2 (WPA2) ஆக இருக்கும். அதற்காக ரவுட்டரை வெப்புக்கு இறக்கிவிடாதீர்கள். 2001-லேயே உடைபட்ட பூட்டு அது.

கார்டை மறந்துவிட்டு, ஐபுக்கின் ஈதர்நெட் துளையைப் பயன்படுத்துங்கள். ‘கிளையன்ட் மோடு’ (வீட்டு வைஃபையில் தானே சேர்ந்து, இணைப்பைக் கேபிள் வழியே தரும் வசதி) உள்ள சின்ன டிராவல் ரவுட்டர் ஒன்று, ஒரு முழ லேன் கேபிள், 5 வோல்ட் சார்ஜர் போதும். டிராவல் ரவுட்டரை முதலில் புது லேப்டாப்பில் செருகி, வீட்டு வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் பதியுங்கள் (ஐபுக்கின் பிரவுசரில் அந்த செட்டிங் பக்கமே ஒழுங்காகத் திறக்காது). பிறகு கேபிளை ஐபுக்குக்கு மாற்றி, டிசிபி/ஐபி கன்ட்ரோல் பேனலில் ‘ஈதர்நெட்’, ‘டிஎச்சிபி சர்வர்’ (ரவுட்டரிடமிருந்து தானாக முகவரி பெறும் முறை) இரண்டையும் தேர்ந்தெடுங்கள்.

அதே பேனலில் தெரியும் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து பதில் வரவில்லை என்று பொருள். டிராவல் ரவுட்டர் வீட்டு வைஃபையில் சேராதது காரணமாக இருக்கலாம்: வீட்டு ரவுட்டர் டபிள்யூபிஏ3 மட்டும் என்றிருக்கும், அல்லது அதில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை அணைந்திருக்கும். முன்னதற்கு ‘டபிள்யூபிஏ2/3 கலப்பு’ என்று மாற்றுங்கள்; பின்னதற்கு 2.4-ஐ இயக்குங்கள்.

இணைந்த பிறகும் இன்றைய எச்டிடிபிஎஸ் (https என்று தொடங்கும்) தளங்கள் பெரும்பாலும் திறக்காது. அது பழைய பிரவுசரின் குறை. எஃப்டிபி (FTP) என்ற பழைய முறையில் கோப்பு மாற்றுவது ஜோராக நடக்கும்.