பட்வர்தனின் வழக்குகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் விஷுவல் கம்யூனிகேஷன் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பில் ஆவணப்பட இயக்குநர் ஆனந்த் பட்வர்தன் அயோத்திப் பிரச்சினையைப் பற்றி எடுத்த 'ராம் கே நாம்' படத்திலிருந்து கொஞ்சம் போட்டுக் காட்டினார்கள். மீதியை யூடியூபில் பார்த்தேன். ஐம்பது வருஷமாக ஒருவர் தனி ஆளாக இப்படிப் படம் எடுக்கிறார் என்பது வியப்பாக இருந்தது. ஆனால் அவர் எதிர்த்த எதுவும் நின்றதாகத் தெரியவில்லையே. பாபர் மசூதியை இடித்தார்கள், குடிசைகளை இன்னும் இடிக்கிறார்கள். இந்தப் படங்களால் என்னதான் மாறியது? ஒரு பக்கம் மட்டுமே பேசுகிறார் என்று நண்பர்களும் சொல்கிறார்கள். எனக்கும் ஆவணப்படம் எடுக்க ஆசை. அவர் படங்களை எந்த வரிசையில் பார்ப்பது? எந்தக் கேமராவில் தொடங்கலாம்?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

கேமரா பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கையில் இருக்கும் போனே போதும் என்றுதான் விஷயம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். 'ஒரு பக்கம்' என்ற புகாருக்கும் மெனக்கெட்டுப் பதில் சொல்லப் போவதில்லை. 'ராம் கே நாம்' படத்தில், மசூதி இருந்த இடத்தில் கோயில் கட்டக் கிளம்பிய கரசேவகர்கள் தாராளமாகவே பேசுகிறார்கள். ராமர் பிறந்த இடம் இதுதான் என்று அடித்துச் சொல்லும் இளைஞர்களிடம், எப்போது பிறந்தார் என்று கேட்கிறார் பட்வர்தன், அவ்வளவுதான். அவர்கள் திணறினால் அதற்கு அவரா பொறுப்பு? உங்கள் நண்பர்கள் படத்தை முழுசாகப் பார்த்தார்களா என்று முதலில் விசாரியுங்கள்.

'என்னதான் மாறியது' என்ற இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. இந்தக் கேள்வியை நீங்கள்தான் முதலில் கேட்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். 1985-இல் வந்த 'ஹமாரா ஷஹர்', பம்பாயில் குடிசைகளை இடித்துத் தள்ளுவதைப் பற்றிய படம். அதில் ஒரு பெண் படக்குழுவையே பிடித்துக் கேட்கிறாள். ஏழைகளைப் படம் பிடித்து நீங்கள் பேர் வாங்குவீர்கள், எங்களுக்கு என்ன கிடைக்கும் என்கிறாள். வேறு ஆளாக இருந்தால் எடிட்டிங்கில் அதைத் தூக்கியிருப்பார்கள். பட்வர்தன் படத்திலேயே வைத்தார். கேட்க வேண்டியவள் கேட்டாகிவிட்டது தம்பி. வீட்டில் உட்கார்ந்து யூடியூபில் பார்த்தவருக்கு அந்தக் கேள்வி அவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிடக் கூடாது.

அதே படத்தில் விலாஸ் கோக்ரே என்ற தலித் பாடகர் பாடுகிறார். 1997 ஜூலை 11 அன்று மும்பை ரமாபாய் நகரில், அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டதை எதிர்த்துத் திரண்ட மக்கள்மீது போலீஸ் சுட்டதில் 10 பேர் செத்தார்கள். சில நாட்களில் கோக்ரே தன் குடிசையில் தூக்கு மாட்டிக்கொண்டார். இடதுசாரி மேடைகளில் பாடியவர், சாகும்போது தலையில் கட்டியிருந்தது அம்பேத்கர் இயக்கத்தின் நிறமான நீலத் துணி. அந்தச் சாவிலிருந்து தொடங்கிய படத்தை முடிக்க பட்வர்தனுக்கு 14 ஆண்டுகள் ஆயின. அதுதான் 'ஜெய் பீம் காம்ரேட்', மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும். தன் படத்தில் பாடிய ஒருவரை மறக்காமல் இத்தனை வருஷம் கழித்தும் தேடிப்போவது பெரிய காரியம். அந்தப் பெண்ணுக்கு அது பதிலாகுமா என்றால், ஆகாதுதான். சரி, இருக்கட்டும்.

எனக்குச் சில நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருப்பது வேறொன்று. நம்மூரில் ஆவணப்படம் எடுக்கிற பிள்ளைகளுக்குக் குறைவில்லை. எடுத்து முடித்ததும் ஹார்டு டிஸ்கில் போட்டுவைக்கிறார்கள், ரெண்டு விழாவுக்கு அனுப்புகிறார்கள், தேர்வாகவில்லை என்றால் சமூகத்தைத் திட்டி ஃபேஸ்புக்கில் ஒரு பதிவு. அத்தோடு கதை முடிந்தது. பட்வர்தன் பாதி வாழ்க்கையை, எடுத்த படத்தைக் காட்டுவதற்கே செலவழித்திருக்கிறார். பிகாரில் ஜே.பி. என்ற ஜெயப்பிரகாஷ் நாராயண் நடத்திய இயக்கத்தைப் பற்றி எடுத்த 'கிராந்தி கீ தரங்கேன்' எமர்ஜென்சியில் வெளியே தலைகாட்ட முடியாத படம். பிரதியைத் துண்டு துண்டாக்கி ரகசியமாக வெளிநாட்டுக்கு அனுப்பி, அங்கே ஒட்டிச் சேர்த்துக் காட்டினார்கள்.

அப்புறம் கோர்ட் படிகள். 'ராம் கே நாம்' தேசிய விருது வாங்கிய படம். தூர்தர்ஷன் போட மறுத்தது. வழக்குப் போட்டு, 1997-இல்தான் ஒளிபரப்பானது. மசூதி போய் ஐந்து வருஷம் ஆகிவிட்டது. 'பித்ர, புத்ர் ஔர் தர்மயுத்த' படத்தையும் போட மறுத்த தூர்தர்ஷன் உச்ச நீதிமன்றம் வரை போய் 2006-இல் தோற்றது. 'ஜங் ஔர் அமன்' படத்தில் தணிக்கைக் குழு 21 வெட்டு கேட்டது. 2003-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஒரு வெட்டும் இல்லாமல் அனுமதி வாங்கிக்கொண்டு வந்தார். 2019-இல் 'விவேக்' படத்துக்கு மத்திய அரசு அனுமதி தரவில்லை, கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போய்த்தான் திருவனந்தபுரம் விழாவில் திரையிட முடிந்தது. நம் ஆட்கள் தடை என்றதும் தியாகி ஆகிவிடுகிறார்கள். இவர் வக்கீலைப் பார்க்கப் போகிறார். தடைபோட்ட தொலைக்காட்சியிலேயே, சட்டப்படி, முழுசாகப் போடு என்று கேட்கிறார். இந்தப் பிடிவாதத்தை எந்த விஸ்காம் வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள், ஷட்டர் ஸ்பீடு பற்றித்தான் பேசுவார்கள்.

நான் 'ராம் கே நாம்' பார்த்தது ஓர் அச்சாபீஸ் மாடியில், வீடியோ கேசட்டில். பாயில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு இந்தியும் தெரியாது, கீழே ஓடும் இங்கிலீஷும் ஏறாது. வங்கி ஊழியர் ஒருவர் டிவி பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். ரெண்டு வசனம் பின்தங்கிவிடுவார், அதற்குள் படம் அடுத்த ஊருக்குப் போயிருக்கும். அயோத்தியில் நீதிமன்றம் நியமித்த பூசாரி லால்தாஸ் வந்த இடத்தில் மட்டும் டேப்பை நிறுத்தச் சொன்னார்கள். கோயில் கட்டப் போகிறோம் என்பவர்கள் இங்கே ஒரு பூசைகூடச் செய்ததில்லை, எல்லாம் ஓட்டுக்கும் பணத்துக்கும்தான் என்று அந்தப் பூசாரி பதற்றமே இல்லாமல் சொல்வார். படம் முடிந்ததும் நெற்றி நிறையத் திருநீறு பூசிய வாத்தியார் ஒருவர் எழுந்து, இந்தப் படம் இந்துக்களை மட்டும் குறை சொல்கிறது என்று ஒரு பிடி பிடித்தார். கடைசியில், "அதிருக்கட்டும், அந்தப் பூசாரி இப்ப எங்க இருக்கார்?" என்று கேட்டார். 1993-இல் கொன்றுவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். வாத்தியாருக்கு மறுபடியும் கோபம் வந்தது, இந்தத் தடவை வேறு ஆட்கள்மேல். லால்தாஸுக்காக ராத்திரி பத்தரை வரை எங்களோடு சண்டை போட்டார். செல்போனில் தனியாகப் பார்ப்பவருக்கு இந்த வாத்தியார் கிடைக்க மாட்டார். எதிர்க் கருத்துக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்போதுதான் இந்தப் படங்கள் வேலை செய்கின்றன.

வரிசை கேட்டிருந்தீர்கள். 'ஹமாரா ஷஹர்' முதலில், உடனே 'ஜெய் பீம் காம்ரேட்'. நடுவில் உள்ளவற்றை எப்படி வேண்டுமானாலும் பாருங்கள். 'விவேக்' நான்கு மணி நேரம் போகும், ஒரே மூச்சில் வேண்டாம். 2023-இல் வந்த 'வசுதைவ குடும்பகம்' அவருடைய அப்பா அம்மாவைப் பற்றியது, சுதந்திரப் போராட்டத்தோடு நெருங்கிய குடும்பம். அதை வீட்டுப் பெரியவர்களோடு பாருங்கள், இடையிடையே அவர்கள் பேசினால் தடுக்காதீர்கள். திருப்பூரில் ஒரு ஹால் பிடித்து, தேதி குறித்துவிட்டு எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் நானே வருகிறேன். அந்த நண்பர்களையும் கட்டாயம் கூட்டி வாருங்கள்.