டிப்ளமோ முடித்த பையன் தூசி அளக்கப் போகலாமா?

வாலிநோக்கத்திலிருந்து பேசிய அண்ணனுக்கு,

மகன் டிப்ளமோ முடித்திருக்கிறான், சோலார் பிளாண்டில் தூசி அளக்கக் கூப்பிடுகிறார்கள். "இதுக்கா மூணு வருஷம் ஃபீஸ் கட்டினேன்?" என்று கேட்டீர்கள். கோபம் நியாயம்தான். ஆனால் துடைக்கிற ஆள் வேறு, அளக்கிற ஆள் வேறு.

கமுதியில் 2016-ல் ஓட ஆரம்பித்த பிளாண்ட் 648 மெகாவாட். அந்த அளவு பிளாண்டில் தூசியால் நூற்றுக்கு ஒன்று குறைந்தாலே, நல்ல வெயிலில் ஆறு மெகாவாட்டுக்கு மேல் போய்விடும். அதற்காகத் தினமும் கழுவவும் முடியாது. நம் பக்கத்து போர்வெல் தண்ணீரின் உப்பைப் பற்றி உப்பளத்துக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? காய்ந்ததும் கண்ணாடியில் வெள்ளைத் திட்டாக நிற்கும். ஆகவே எப்போது கழுவலாம் என்று அளந்து சொல்ல ஆள் வேண்டும்.

அளப்பது இப்படித்தான்: பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேனல். ஒன்றைத் தினமும் துடைப்பார்கள், மற்றதை அப்படியே விட்டுவிடுவார்கள். உச்சி வெயிலில் இரண்டிலும் ஷார்ட் சர்க்யூட் கரண்ட், அதாவது பேனலின் இரண்டு முனையையும் நேராக இணைத்தால் ஓடும் கரண்ட், எடுக்க வேண்டும். சுத்தமானது 9 ஆம்பியர், அழுக்கானது 8.55 என்றால் 5 சதவீதம் நஷ்டம். கணக்கு அவ்வளவுதான். ஆனால் கடலோரத்தில் விடியற்காலைப் பனியில் உப்பும் புழுதியும் குழைந்து வழிந்து, பேனலின் கீழ் விளிம்பில் கோடு மாதிரி படிகிறது. வெயில் ஏறியதும் காய்ந்து இறுகிவிடும், அப்புறம் கச்சான் காற்றுக்குக்கூட அசையாது. இப்படி ஓரத்தில் மட்டும் படிந்த அழுக்கை அந்தக் கரண்ட் அளவு முழுசாகக் காட்டிக்கொடுக்காது. பேனல் தரும் அதிகபட்ச பவரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதைக் கவனிக்கிற பையனைத்தான் பிளாண்டில் தேடுவார்கள்.

ராஜஸ்தானில் பேனலுக்குப் பதில் கண்ணாடி வைத்து வெயிலைக் குழாயில் குவிக்கும் பிளாண்டுகளும் உண்டு. நோக் என்ற ஊரில் 2013-லேயே 50 மெகாவாட்டுக்கு ஒன்று வந்தது. அங்கே ரிஃப்ளெக்டோமீட்டரைக் கண்ணாடிமேல் வைத்து, விழுந்த ஒளியில் எவ்வளவு நேராகத் திரும்புகிறது என்று பார்ப்பார்கள். பேனலில் தூசி பட்டுச் சிதறும் ஒளியில் கொஞ்சமாவது உள்ளே போய் மின்சாரமாகும். கண்ணாடியில் சிதறினால் குழாய்க்குப் போய்ச் சேராது, போனது போனதுதான். அதனால் அங்கே அளவு இன்னும் கறாராக இருக்க வேண்டும். ஆனாலும் அந்த வேலையை மட்டும் நம்பி இருக்கச் சொல்ல மாட்டேன். நாட்டில் அப்படிப்பட்ட பிளாண்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வேலையில் சேரும் முன் உங்கள் மகன் இரண்டு கேள்வி கேட்கட்டும். மீட்டர் யார் கையில் இருக்கும்? தினசரி ரீடிங்கை எக்செல்லில் ஏற்றி ரிப்போர்ட் எழுதுவது யார்? இரண்டுக்கும் "நீதான்" என்று பதில் வந்தால் தாராளமாகப் போகலாம். "முதலில் துடை, அப்புறம் பார்க்கலாம்" என்றால் வேண்டாம். பிஎஃப், இஎஸ்ஐ பிடிப்பது கம்பெனியா, கான்ட்ராக்டரா என்பதையும் கேட்டுவிடுங்கள். இளையவன் ஐடிஐ என்றீர்களே, அவனுக்கு சோலார் வேலைக்கான மத்திய அரசின் சூரியமித்ரா பயிற்சியை விசாரிக்கலாம்.

ஆர்டர் வந்ததும் கையெழுத்துப் போடும் முன் எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள்.